ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை: ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

காலை ஏழரை மணி இருக்கும். கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் லேபில், சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் உட்காராமல், செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கூட்டம் கலைந்த பிறகு வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒரு ரிப்போர்ட்டைப் பாத்துச் சொல்ல முடியுமா? இங்க எடுத்தது இல்ல" என்றான். போனில் ஒரே ஒரு வரியைப் பெரிதாக்கி வைத்திருந்தான். ஹெர்பிஸுக்கான ரத்த டெஸ்ட் அது: ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி, 1.4. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'பாசிட்டிவ்'.

"பத்து நாளாத் தூக்கம் இல்லக்கா. வைகாசியில கல்யாணம் வச்சிருக்கு."

உடம்பில் புண் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. முன்னால் எப்போதாவது வந்திருக்கிறதா? இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்டா? இல்லை, போனில் ஏதோ பேக்கேஜ் பார்த்துத் தானாகவே எடுத்துக்கொண்டது. அவன் பயப்படும்படி நடந்த அந்த உடலுறவுச் சம்பவத்துக்கும் ரத்தம் கொடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள்? பதினெட்டு.

இந்த நான்கு பதில்களோடு சேர்த்துப் பார்த்தால், அந்த 1.4 ஒரு முடிவே இல்லை. ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு யாரும் இல்லை. நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. எந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். ஹெர்பிஸ் விஷயத்தில் அது தெரியாமல் நிறையப் பேர் நொந்துபோவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வரும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.

## முதலில் பெயர்க் குழப்பம்

நம் பக்கத்தில் அக்கி தெரியாதவர்கள் இல்லை. இடுப்பிலோ முதுகிலோ ஒரு பக்கமாகப் பட்டையாய்க் கொப்புளம் கிளம்பி, நெருப்பு பட்ட மாதிரி எரியும். வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். டாக்டரிடம் போனால் அவர் சீட்டில் எழுதுவது 'ஹெர்பிஸ் சோஸ்டர்'. வீட்டில் யாராவது அந்த முதல் சொல்லை மட்டும் போனில் தேடினால் போதும், எழுபது வயதுத் தாத்தாவின் நடத்தை மேல் பழி வந்துவிடும்.

அக்கியைக் கொடுப்பது சின்னம்மை வைரஸ். சின்னம்மை ஆறிய பிறகும் அது நரம்புக்குள் தங்கியிருந்து, வயதான காலத்திலோ உடம்பு தளரும்போதோ திரும்பக் கிளம்புகிறது. உடலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அக்கி எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் உண்டு. கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் கண் டாக்டரை அன்றைக்கே பார்க்க வேண்டும். அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இந்தக் கட்டுரை பேசுவது வேறு வைரஸைப் பற்றி. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சுருக்கமாக ஹெச்எஸ்வி. அதில் இரண்டு வகை. ஒன்றாம் வகை பெரும்பாலும் வாயோரம் வருவது. காய்ச்சல் விட்டதும் உதட்டில் கொத்தாய்க் கொப்புளம் வெடிப்பதை 'உடம்புச் சூடு' என்கிறோமே, பல நேரம் அது இதுதான். சின்ன வயதில் பெரியவர்கள் கொஞ்சி முத்தமிடும்போதே தொற்றியிருக்கும். இரண்டாம் வகை பெரும்பாலும் உடலுறவு வழியாக, பிறப்புறுப்புப் பக்கம் வருவது. ஒன்றாம் வகையும் வாய்வழி உறவினால் அங்கே போகலாம்.

இது ஏதோ அபூர்வமான நோய் என்ற நினைப்பை முதலில் விட்டுவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகத்தில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேருக்கு ஒன்றாம் வகை இருக்கிறது. மூன்றில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை. இவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

## கோரைக்கிழங்கு மாதிரி

வயலில் கோரையை அறுத்துப் போட்டால் மேலே சுத்தமாகிவிடும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். பருவம் வாய்த்தால் திரும்ப முளைக்கும். ஹெச்எஸ்வியும் அப்படித்தான். தோலில் வந்த புண் ஆறிவிடும். வைரஸ் நரம்பு வழியே உள்ளே போய், நரம்பு முடிச்சில் தங்கிவிடும். நரம்பு முடிச்சு என்பது நரம்புகள் முதுகுத்தண்டோடும் மூளையோடும் சேரும் இடத்துக்கு அருகில் இருக்கும் ஒரு சின்னத் திரட்சி. உதட்டுக்கு வந்தது காதோரம் உள்ள முடிச்சிலும், கீழே வந்தது இடுப்பு எலும்புப் பக்கம் உள்ள முடிச்சிலும் இருக்கும். காய்ச்சல், கடும் அலைச்சல், மாதவிலக்கு, மன உளைச்சல் என்று ஏதாவது காரணத்தால் சிலருக்குத் திரும்பக் கிளம்பும். சிலருக்கு ஆயுசு முழுக்கக் கிளம்பாது.

புதிதாகத் தொற்றினால், அறிகுறி வருவதாக இருந்தால், பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வந்து உடைந்து புண்ணாகும். சிறுநீர் கழிக்க எரியும். காய்ச்சலும் அரையில் நெறிகட்டுவதும் இருக்கலாம். ஒன்றுமே தெரியாமல் போவதும் உண்டு. அந்த 'ஒன்றுமே தெரியாமல்' என்ற சொல்தான் பயந்தவர்களைப் பிடித்து ஆட்டுகிறது. அங்கேதான் ரத்தப் பரிசோதனையும் வந்து நிற்கிறது.

## ரத்தத்தில் தேடுவது மாட்டை இல்லை, குளம்படியை

நரம்புக்குள் ஒளிந்திருக்கும் வைரஸை ரத்தத்தில் பிடிக்க முடியாது. அதனால் ரத்த டெஸ்ட் வேறொன்றைத் தேடுகிறது. அதற்குப் பெயர் ஆன்டிபாடி. தமிழில் எதிர்ப்பொருள் என்பார்கள். ஒரு கிருமி உள்ளே வந்ததும், அதை அடையாளம் கண்டு பிடிப்பதற்காக உடம்பு செய்துகொள்ளும் புரதம் அது.

வயலில் மாடு இறங்கியிருக்கிறது என்பதற்கு ஈர மண்ணில் இருக்கும் குளம்படி சாட்சி. யார் வீட்டு மாடு, எந்த நேரத்தில் இறங்கியது, இன்னும் நிற்கிறதா போய்விட்டதா என்பதெல்லாம் குளம்படிக்குத் தெரியாது. ஆன்டிபாடியும் இதே மாதிரி சாட்சிதான். இந்த வைரஸை உடம்பு எப்போதோ சந்தித்திருக்கிறது என்று சொல்லும். போன மாதமா, பதினைந்து வருஷத்துக்கு முன்பா என்று சொல்லாது. யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. உதட்டிலா கீழேயா என்றும் சொல்லாது. கணவன் மனைவிக்குள் ஒரு ரிப்போர்ட்டை நடுவில் வைத்துக்கொண்டு 'நீதான் கொண்டுவந்தாய்' என்று சண்டை போடுவது, குளம்படியைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் பிராது கொடுப்பது மாதிரி.

ஹெர்பிஸ் ரிப்போர்ட்டில் இரண்டு வகை ஆன்டிபாடி வரும். ஐஜிஎம் என்பது தொற்று வந்ததும் உடம்பு முதலில் அவசரமாகச் செய்வது. ஐஜிஜி என்பது நிதானமாகச் செய்து, நீண்ட காலம் வைத்துக்கொள்வது.

புத்தகத்தில் படித்தால், ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்று என்று தோன்றும். வேறு சில நோய்களில் அது ஓரளவு சரி. ஹெர்பிஸில் அப்படி இல்லை. பழைய தொற்று திரும்பக் கிளம்பும்போதும் ஐஜிஎம் வரும். வைரஸே இல்லாதவருக்கும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். ஒன்றாம் வகையா இரண்டாம் வகையா என்று ஒழுங்காகப் பிரித்துச் சொல்லவும் அதற்குத் தெரியாது. அதனால் ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் இன்றைக்கு நிபுணர்களின் நிலை. ஆனாலும் பேக்கேஜ்களில் அது வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் ஹெர்பிஸ் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றிருந்தால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: டெஸ்ட் பார்ப்பது வைரஸை இல்லை, அதன் தடத்தை. நம்பிப் பார்க்கக்கூடியது ஐஜிஜி. அதிலும் ஒன்று, இரண்டு என்று தனித்தனியாகப் பிரித்துத் தருவது.

## மேட்டூர் திறந்த அன்றே கடைமடையில் தண்ணீர் தேடக் கூடாது

ஜூன் 12 மேட்டூர் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கல்லணைக்கு வரவே மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கித் தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் எத்தனையோ நாள். ஜூன் 14 அன்று தலைஞாயிறு வாய்க்காலில் இறங்கிப் பார்த்துவிட்டு, 'காய்ந்து கிடக்கிறது, அணையே திறக்கவில்லை' என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

தொற்றுக்கும், ரத்தத்தில் ஐஜிஜி தெரியும் அளவுக்குச் சேர்வதற்கும் நடுவில் இருக்கும் இந்தக் காலத்துக்குச் சாளரக் காலம் என்று பெயர். விண்டோ பீரியட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹெர்பிஸில் சிலருக்கு மூன்றாவது வாரத்திலேயே ஐஜிஜி தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்துக்குள் தெரியும். கொஞ்சம் பேருக்கு நான்கு மாதம் வரை ஆகலாம்.

ஆகவே சம்பவம் நடந்த மறுநாள், ஐந்தாம் நாள், பத்தாம் நாள் எடுக்கும் டெஸ்ட் அந்தச் சம்பவத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. நெகட்டிவ் வந்தால் நிம்மதிப்பட முடியாது. பாசிட்டிவ் வந்தால், ஒன்று அது ரொம்பப் பழைய தொற்று, இல்லையென்றால் டெஸ்ட்டின் பிழை. சீக்கிரம் எடுப்பதில் ஒரே ஒரு பயன் உண்டு. 'அதற்கு முன்பே எனக்கு இருந்ததா' என்பதற்கு அது அடையாளமாக இருக்கும். அதைக் கூட டாக்டர் கேட்டால் எடுத்தால் போதும்.

## அந்த எண் எங்கிருந்து வருகிறது?

எங்கள் வேலையைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். எலிசா என்ற டெஸ்ட் முறையில் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதில் 96 சின்னக் குழிகள். குழியின் அடியில் வைரஸின் ஒரு துண்டைப் பூசியிருப்பார்கள். உங்கள் ரத்தத்தின் தெளிநீரை அதில் விட்டால், பொருத்தமான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். கழுவி, நிறம் தரும் திரவத்தை விட்டதும் ஒட்டியிருக்கும் அளவுக்கு நீலம் ஏறும். கடைசியில் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நீலம் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும். அந்த மஞ்சள் எவ்வளவு அடர்த்தி என்று மெஷின் அளக்கும். கிட்டோடு வரும் எல்லை மாதிரியின் மஞ்சளால் அதை வகுத்தால் கிடைப்பதுதான் இண்டெக்ஸ். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் அது.

பொதுவாக 0.9க்குக் கீழே நெகட்டிவ். 0.9 முதல் 1.1 வரை இரண்டும் கெட்டான். ஈக்விவோகல் என்று அச்சாகும். 1.1க்கு மேலே பாசிட்டிவ்.

கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுப்பார்கள். மெஷின் 17.3 காட்டினால் என்ன செய்வோம்? கையை வேறு இடத்தில் விட்டு இன்னொரு பிடி எடுத்துப் போடச் சொல்வோம், வேறு மெஷினில் பார்க்கச் சொல்வோம். ஏனென்றால் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் எண் மெஷினைப் பொறுத்தும் பிடியைப் பொறுத்தும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். 24 காட்டினால் யாரும் வாதாட மாட்டோம். நெல் ஈரம்தான்.

இரண்டாம் வகை ஐஜிஜியிலும் இதே கதை. 1.1க்கு மேல் 3 வரை வரும் எண்கள் 'மெலிந்த பாசிட்டிவ்'. இவற்றில் பொய் பாசிட்டிவ் நிறைய. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி 2021இல் வெளியிட்ட பால்வினை நோய் வழிகாட்டுதலே, எண் 3க்குக் கீழே இருந்தால் வேறு முறை டெஸ்ட் ஒன்றால் உறுதி செய்யாமல் முடிவு சொல்லக் கூடாது என்கிறது. 3ஐத் தாண்டி மேலே போகப் போக நம்பகம் கூடும்.

எல்லைக்குப் பக்கத்தில் ஏன் இப்படித் தடுமாறுகிறது என்றால், ஒன்றாம் வகையும் இரண்டாம் வகையும் நாற்றங்காலில் இருக்கும் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் மாதிரி. பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் பிரிப்பது வைரஸின் மேலுறையில் இருக்கும் கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற ஒரு புரதம்தான். அதை வைத்துச் செய்த கிட்டுகள் மட்டுமே வகை பிரித்துச் சொல்லும். அவையும் சில நேரம் ஒன்றாம் வகையின் ஆன்டிபாடியையோ வேறெதையோ பார்த்து ஏமாந்துபோகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண் கூடினால் நோய் கூடியிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 9 வந்தவருக்கு ஒரு புண்ணும் வராமல் இருக்கலாம். 4 வந்தவருக்கு வருஷத்துக்கு நான்கு முறை கிளம்பலாம். சர்க்கரை அளவு மாதிரி இந்த எண்ணை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

## ஆயிரம் பேர் கணக்கு

நல்ல கிட்டாகவே இருந்தாலும், அறிகுறி இல்லாதவர்களுக்கு எல்லாம் இந்த டெஸ்ட் செய்தால் ஏன் குழப்பம் வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை.

ஆயிரம் பேர். அவர்களில் 50 பேருக்கு உண்மையில் இரண்டாம் வகை இருக்கிறது; 950 பேருக்கு இல்லை. டெஸ்ட் அந்த 50 பேரையும் தவறாமல் பிடித்துவிடுகிறது. இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத் தப்பாகப் பாசிட்டிவ் காட்டுகிறது. 950இல் நூற்றுக்கு ஐந்து என்றால் 47 பேருக்கு மேல். ஆக, பாசிட்டிவ் சீட்டோடு வெளியே வருகிறவர்கள் ஏறத்தாழ 97 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்று சொல்லிக்கொள்ளும் டெஸ்ட்டில் இந்த நிலை.

புண்ணோடு வருகிறவர்கள், துணைவருக்கு ஹெர்பிஸ் உறுதியானவர்கள் என்று ஆயிரம் பேரை எடுத்தால், அதில் உண்மையாக இருப்பவர்கள் அதிகம். அப்போது அதே டெஸ்ட்டின் பேச்சுக்கு மதிப்பு கூடிவிடும். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்த டெஸ்ட்டைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2016இல் சொல்லி, 2023இல் மறுபடி உறுதி செய்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் பையனின் 1.4ஐ இப்போது பாருங்கள். புண் இல்லை, 18 நாள்தான் ஆகியிருக்கிறது, எண்ணோ எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில். பொய் பாசிட்டிவுக்கு இருக்க வேண்டிய அத்தனை லட்சணமும் இருந்தது.

## புண் இருந்தால் கதையே வேறு

புண்ணோ கொப்புளமோ இருந்தால் ரத்தத்தை மறந்துவிட்டு, அன்றைக்கே தோல் டாக்டரிடம் காட்டுங்கள். புண்ணின் அடியைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் பிசிஆர் செய்யலாம். கொரோனா காலத்தில் மூக்கில் எடுத்தார்களே, அதே முறை. வைரஸின் மரபுப் பொருளையே நேராகத் தேடுவது. குளம்படி இல்லை, மாடே கையில் சிக்குகிறது. எந்த வகை என்றும் தெரிந்துவிடும். ஆனால் கொப்புளம் புதிதாக இருக்கும்போது, முதல் ஒன்றிரண்டு நாளிலேயே எடுப்பது நல்லது. பொருக்குத் தட்டிவிட்டால் வைரஸ் இருந்தும் கிடைக்காமல் போகலாம். வெட்கத்தில் ஒரு வாரம் தள்ளிப்போட்டு, கடையில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசி, புண் ஆறிய பிறகு வந்து 'ரத்தம் எடுங்க' என்று கேட்பவர்கள்தான் எங்களிடம் அதிகம்.

## கர்ப்பிணிகளின் டார்ச் டெஸ்ட்

இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனசு பொறுக்காது. மூன்றாம் மாதம் கரு கலைந்த ஒரு பெண். டார்ச் என்று ஒரு தொகுப்பு டெஸ்ட் எழுதியிருந்தார்கள். டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் ஆகிய கிருமிகளை எல்லாம் சேர்த்துப் பார்ப்பது. ரிப்போர்ட்டில் 'ஹெர்பிஸ் 1+2 ஐஜிஜி பாசிட்டிவ்'. கூட வந்த மாமியார் அந்தச் சொல்லை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, லேப் வாசலில் வைத்தே, "எங்கேருந்துடி கொண்டாந்த?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நின்றது. ரத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

ஒன்று, இரண்டு என்று பிரிக்காத டெஸ்ட் அது. குழந்தைப் பருவத்தில் முத்தத்தில் வந்த ஒன்றாம் வகைக்கும் பாசிட்டிவ்தான் காட்டும். அந்த மாமியாரின் ரத்தத்தை எடுத்திருந்தாலும் பெரும்பாலும் அதே பதில் வந்திருக்கும். அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்கு மேல் பேசவில்லை.

கர்ப்பத்தில் ஹெர்பிஸ் உண்மையிலேயே ஆபத்தாவது எப்போது என்றால், பிரசவத்தை ஒட்டித் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால். அப்போது குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 30 முதல் 50 வரை. பழைய தொற்று உள்ள தாய்க்கு அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. உடம்பு செய்து வைத்த ஐஜிஜி குழந்தைக்கும் போய்க் காவல் நிற்கிறது. உங்களுக்கோ கணவருக்கோ எப்போதாவது அங்கே புண் வந்திருந்தால் மகப்பேறு டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிரசவ வலி நேரத்தில் புண் இருந்தால் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். கடைசி மாதங்களில் மாத்திரையும் தருவார்கள்.

## பயம் செய்யும் வேலை

அந்தப் பையன் தினமும் மூன்று முறை பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு போன் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான். முன்பு கண்ணில் படாத ஒவ்வொரு புள்ளியும் இப்போது கொப்புளமாகத் தெரிந்திருக்கிறது. தொடையில் சுருக்கென்று குத்தியிருக்கிறது, சிறுநீர் எரிந்த மாதிரி இருந்திருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை. உடம்பின் ஓர் இடத்திலேயே புத்தியை வைத்தால் அங்கே குறுகுறுப்பு தோன்றத்தான் செய்யும். இப்போதே உங்கள் உள்ளங்காலை நினைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் கடுக்கும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும்.

இதில் டெஸ்ட் மருந்து மாதிரி வேலை செய்வதில்லை. ஐந்தாம் நாள் நெகட்டிவ் வந்தால் இரண்டு நாள் நிம்மதி. பிறகு 'சீக்கிரம் எடுத்துட்டோமோ' என்று சந்தேகம். பத்தாம் நாள் இன்னொரு லேப். ஒரே விஷயத்துக்கு நான்கு ஊரில் ரத்தம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஊர் மாறுவது யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. டெஸ்ட் எண்ணிக்கை கூடக் கூட, எங்காவது ஒரு பொய் பாசிட்டிவ் வந்து மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது.

நான் செய்தது ஒன்றுதான். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை எடுத்து அவன் முன்னால் வைத்து, சம்பவம் நடந்த நாளிலிருந்து 84 நாள் எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு வாரம். பங்குனிக் கடைசியில் வந்து நின்றது. "இந்தத் தேதிக்கு முன்னால ஹெர்பிஸுக்கு ரத்தம் கொடுக்காத. புண்ணுன்னு வந்தா மட்டும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போ" என்றேன். அந்தத் தேதியில் வந்தான். வேறு முறையில் செய்த ஐஜிஜி 0.2, நெகட்டிவ்.

## ஹெர்பிஸை விட அவசரமானவை

ஹெர்பிஸ் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு, நேரம் பார்த்துச் செய்ய வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை. பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் இருந்தால், ஹெச்ஐவி வராமல் தடுக்க 28 நாள் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். நாலாம் நாள் போனால் பயன் இல்லை. அடுத்து சிபிலிஸ். அதன் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாக ஆறியும் போகும். ஆனால் நோய் உள்ளே தொடரும். ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியிலேயே முழுதாகக் குணமாகும். ஹெர்பிஸுக்கு ரத்தம் எடுக்கப் பணம் செலவழித்தவர், இந்த இரண்டையும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது என்ன கணக்கு?

## உண்மையிலேயே இருந்தால்?

இருந்தால், வாழலாம். கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளை பெறலாம். முழுதாக வெளியேற்றும் மருந்து இன்னும் இல்லை. அடக்கி வைக்கும் மருந்து, அசைக்ளோவிர், நாற்பது வருஷமாக இருக்கிறது. அது பிறந்த ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அரசு மருத்துவமனைகளில் இந்த மாத்திரை கிடைக்கும். கிளம்பும்போது மட்டும் சாப்பிடலாம். அடிக்கடி வந்தால் தினமும் சாப்பிடும்படி டாக்டர் எழுதுவார். அதே குடும்பத்தைச் சேர்ந்த வாலாசைக்ளோவிர் தினமும் சாப்பிட்டால் துணைவருக்குப் பரவுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஆணுறை மேலும் குறைக்கும். அது மூடாத தோலும் உண்டு என்பதால் முழுக் காப்பு என்று சொல்ல முடியாது. புண் இருக்கும் நாட்களில் விலகி இருக்க வேண்டும். வருஷம் போகப் போக, கிளம்புவது பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும்.

வீட்டில் தட்டு, டம்ளர், பாத்ரூம், துணி எதையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை. குளத்தில் குளித்து வராது, கழிவறைப் பீங்கானில் உட்கார்ந்து வராது. உடம்பை விட்டு வெளியே வந்தால் இந்த வைரஸ் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்காது. உதட்டில் புண் இருக்கும்போது மட்டும் கைக்குழந்தையை முத்தமிடாதீர்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

## யாரிடம் போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய், பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடத்திலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஹெச்ஐவி டெஸ்ட்டுக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையம். போனில் கேட்க வேண்டுமென்றால் 1097. ஹெச்ஐவி, பால்வினை நோய் பற்றிப் பேச இலவச எண். தூக்கமே போய், செத்துவிடலாமா என்ற அளவுக்கு மனசு போனால் தாமதிக்காமல் 14416 டெலிமானஸ் எண்ணுக்கோ 104க்கோ கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

போகும்போது மூன்று விஷயத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சம்பவம் நடந்த தேதி, ரத்தம் கொடுத்த தேதி, புண் வந்ததா இல்லையா. ரிப்போர்ட்டைக் காட்டும்போது 'பாசிட்டிவ்' என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணைக் காட்டுங்கள், எந்த முறையில் செய்தது என்ற வரியையும் காட்டுங்கள். ஓபி சீட்டு போடும் இடத்தில் 'தோல் டாக்டரைப் பாக்கணும்' என்றால் போதும். என்ன பிரச்சினை என்று வரிசையில் நிற்கும்போது யாராவது கேட்டால், "உள்ள டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேங்க" என்று சொல்லிவிடலாம்.